கல்லான கையுறை

கிரிசெல் பிறந்தபோது இடி இடித்ததாம், குகை வாசலில் காக்கைகள் கூடி நின்றனவாம். யார்க் நகரத்திலிருந்து குதிரையேறி அவளிடம் குறி கேட்க வருகிறவர்கள் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் இடிக்கும் பஞ்சமில்லை, காக்கைக்கும் பஞ்சமில்லை. ஊரார் துரத்தியதால் அவள் அம்மா ஆற்றங்கரைக் குகையில் போய்ப் பெற்றாள். அப்பன் பேரைக் கடைசிவரை வாயைத் திறந்து சொல்லவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் கிரிசெல் சொன்னது நடந்தது என்பதை நானும் மறுக்க மாட்டேன். மடத்துப் பூசைக்கூடத்தில் செம்மறி மேயும் என்றாள். ராஜா மடங்களை மூடினார், செம்மறி மேய்ந்தது.

என் பக்கத்து வீட்டு எம்மட்டுக்கு அந்தப் புகழெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவள் வயிறு எரிந்தது தச்சன் கத்பர்ட்டுக்காக. கம்பளி நூற்று, அவன் கைக்கு ஒரு ஜோடி கையுறை பின்னிக் கொடுத்தவள் அவள். அவனும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டான். எங்கள் ஊரில் அதற்குமேல் என்ன நிச்சயதார்த்தம் வேண்டும்? அந்தக் கையுறையோடுதான் கிரிசெல் வீட்டுக் கதவைச் செப்பனிடப் போனான். அறுவடை முடிவதற்குள் கோயிலில் அவனுக்கும் கிரிசெல்லுக்கும் கல்யாண ஓலை வாசித்துவிட்டார்கள்.

கொக்கி மூக்கு, கூன் முதுகு. அவளிடம் எதைக் கண்டான்? மருந்து வைத்துவிட்டாள் என்று எம்மட் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஊரும் ஆமாம் போட்டது. விளைவு என்ன தெரியுமா? புருஷன் முகம் கொடுத்துப் பேசாத பெண்களெல்லாம் அந்த மருந்தைக் கேட்டுக் கிரிசெல் வாசலில் வரிசை கட்டினார்கள். எம்மட்டுக்கு இன்னும் எரிந்தது.

குகைக்குப் பக்கத்தில் சொட்டுப்பாறை இருக்கிறது. அதிலிருந்து சொட்டும் தண்ணீரில் தொப்பியைத் தொங்கவிட்டாலும் குருவிக் கூட்டைத் தொங்கவிட்டாலும் மெல்ல மெல்லக் கல்லாகிவிடும். ஒருவர் மனசு இறுக வேண்டுமென்றால் அவர் பொருளை அங்கே கட்டுவது எங்கள் பெண்களின் வழக்கம். கத்பர்ட்டின் பட்டறையிலிருந்து வலக்கை உறையை எம்மட் எடுத்து வந்தாள். மனைவிமேல் அவன் மனசு கல்லாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கட்டினாள். நானும் கூடப் போனேன். என்னதான் ஆகிறது என்று பார்க்க எனக்கும் ஆசை.

நடந்தது வேறு. குளிர்காலம் முழுக்க கத்பர்ட் ஒற்றைக் கையுறையோடு கோயிலுக்கு வந்தான். வெறும் வலக்கையைக் கிரிசெல் தன் சால்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் எம்மட் பாதிரியாரைப் பார்க்கவில்லை, அந்தச் சால்வையைத்தான் பார்த்தாள். உள்ளே அவன் விரல்கள் என்ன செய்கின்றன என்று என் காதோரம் கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினாள்.

அடுத்த வருஷம் கையுறை இறுகி, தட்டினால் ஒலித்தது. கத்பர்ட் மட்டும் இறுகவில்லை. பொறுக்க முடியாமல் எம்மட் என்னையும் இழுத்துக்கொண்டு கிரிசெல் குறி சொல்லும் குகைக்கே போனாள். குறி கேட்க வந்தவர்களைத் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றாள்.

"கத்பர்ட் எப்ப உன்ன விட்டுப் போவாரு? அதச் சொல்லு."

கிரிசெல் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"உன் கையுறை கல்லாயிடுச்சா?"

எம்மட்டுக்கு முகம் வெளுத்துப்போனது.

"நான் பொறந்த எடம்டி இது. அங்க என்ன தொங்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் விட்டு வச்ச? பயமில்லையா உனக்கு?"

"எதுக்குப் பயம்? அதுல அவரு மனசு எங்க இருக்கு? நூல் நூத்தது நீ, பின்னுனது நீ. அதுல இருந்தது உன் ஆசை. அதத்தான் கட்டித் தொங்கவிட்டுக் கல்லாக்கி வச்சிருக்க. இனிமே அது கரையாது, எம்மட்."

எம்மட் அவள் கூந்தலைப் பிடித்து இழுக்கப்போகிறாள் என்று நான் நடுவில் போய் நின்றேன். ஆனால் அவள் கை எழவே இல்லை. கிரிசெல் உரித்த அவரையை ஒதுக்கி வைத்தாள். அப்போதுதான் அவளும் கொஞ்சம் தயங்கியதைப் பார்த்தேன்.

"எனக்குப் பின்ன வராது. குளுருல அவரு கை வெடிச்சுப்போகுது. வலது கைக்கு ஒண்ணு பின்னித் தர்றியா?"

எம்மட் திரும்பி நடந்தாள். ஆற்றங்கரை நெடுக வாய் ஓயவில்லை. கூனி என்றாள், மருந்துக்காரி என்றாள், என்ன திமிர் இருந்தால் என்னிடமே கேட்பாள் என்றாள். அவள் சொன்னதற்கெல்லாம் நானும் ஒத்து ஊதினேன்.

வீட்டுக்குள் நுழைந்தவள் ஈர மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. அடுப்போரம் உட்கார்ந்து கம்பளி உருண்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பின்னல் ஊசியில் கண்ணி கோக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்தது. வேண்டுமென்றே, அளவு கேட்டு வரட்டுமா என்று சீண்டினேன்.

"வேணாம்," என்றாள். "எனக்குத் தெரியும்."