அல்லியின் ஜீப்புக்குப் பெரிய எஞ்சின்

சாவியைத் திருப்பியதுமே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கோட்டுச்சேரிமேட்டில் நாகராஜின் பட்டறை முன்னால் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். படகுகளைக் கரையேற்ற வாடகைக்கு ஓடும் ஜீப் அது. ஈர மணலில் பெரிய ஃபைபர் படகைக் கட்டி இழுத்தால் பாதி மேட்டிலேயே திணறி நின்றுவிடும். அதனால்தான் சொந்தக்காரி அல்லி, விபத்தில் நொறுங்கிய ஒரு வேனின் பெரிய எஞ்சினை வாங்கிவந்து, இதைப் பொருத்திக் கொடுங்கள் என்று நாகராஜிடம் இறக்கியிருந்தாள். மறுநாள் இரவு புயல் கரையைத் தொடும் என்று அறிவிப்பு வந்திருந்தது. இருபத்திரண்டு படகுகள் இன்னும் தண்ணீர் ஓரத்தில்தான் நின்றன.

மஹ்பூபா மட்டும் கைதட்டவில்லை. காரைக்காலில் லேத் பட்டறை வைத்திருப்பவள். புது எஞ்சினின் முகமும் பழைய கியர் பாக்ஸின் முகமும் ஒன்றோடொன்று சேராததால், இரண்டுக்கும் நடுவே வைக்க ஒரு இரும்புத் தகட்டை நான்கு நாள் கடைந்து கொடுத்தவள் அவள்தான். அது ஓடுவதைப் பார்க்கும் ஆசையில் ஸ்கூட்டியில் வந்திருந்தாள். முக்காட்டைச் செருகிக்கொண்டு குனிந்து, கியர் பாக்ஸின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அதன் அதிர்வைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு எஞ்சினை நிறுத்தச் சொன்னாள்.

"மையம் தள்ளி இருக்கு அல்லி. இப்படியே இழுத்தா பத்து படகுக்குள்ள கியர் பாக்ஸ் போயிடும். என் அளவுலதான் பிசகு. ஒரு நாள் குடு."

தகட்டோடு இரண்டு பின்களையும் மஹ்பூபா நாகராஜிடம் கொடுத்திருந்தாள். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒரே நேரில் பிடித்து வைப்பவை அவைதான். துளைக்குள் இறங்க மறுத்ததால், புயல் அவசரத்தில், போல்ட்டை மட்டும் முறுக்கி மூடியிருந்தான். பின்னைப் போட்டாயா என்று அவள் போனில் கேட்டபோது, போட்டாச்சு என்று சொல்லியும் இருந்தான். அவன் கைபட்ட வண்டி பழுதென்று திரும்பி வராது என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. இப்போது வாயைத் திறக்காமல் நின்றாலே அந்தப் பெயர் பிழைத்துவிடும். அல்லியோ, வேலையை வேறெங்காவது கொடுத்திருக்கலாம் என்று மஹ்பூபாவின் காதுபடவே சொன்னாள். மஹ்பூபா வண்டிக்கடியில் படுத்து, தன் அளவு எங்கே தவறியது என்று தகட்டின் விளிம்பை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். அதை அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"தேடாதீங்க அக்கா. உங்க அளவு சரிதான். பின்னை நான் போடல."

ஏசுவாள் என்று காத்திருந்தான். வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்த அவள் முகம் தெளிந்திருந்தது.

"அப்ப தகடு நல்லாத்தான் இருக்கு. செயின் பிளாக்கைக் கட்டு தம்பி, எஞ்சினைத் தூக்கி இறக்கிடுவோம்."

எஞ்சினை இறக்கியதும், அதன் துளைகளில் துரு படிந்திருந்தது தெரிந்தது. அதை இயந்திரம் எதுவும் தொட அவள் விடவில்லை. கையாலேயே ஒரு சுற்று சுரண்டுவாள், துடைப்பாள், பின்னை வைத்துப் பார்ப்பாள், மறுபடி சுரண்டுவாள். நாகராஜ் விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் எத்தனை துளைகளைச் சுத்தியலால் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கடைசியில் இரண்டு பின்களும் கட்டைவிரல் அழுத்தத்திலேயே உள்ளே போயின.

மறுநாள் காலையில் அல்லிதான் ஓட்டினாள். கடல் ஏற்கனவே சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. ஊரிலேயே கனமான படகை முதலில் கட்டினார்கள். வடம் விறைத்தது. சக்கரங்கள் மணலைக் கொஞ்சம் வாரி இறைத்து, பிறகு பிடித்துக்கொண்டு, ஒரே சீராக மேடேறின. எல்லோரும் படகோடு ஓடினார்கள். மஹ்பூபா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கணுக்கால் நனைய, எஞ்சின் சத்தம் போன திசையில் காதைச் சாய்த்தபடி நின்றாள். பின்னால் ஒரு பெரிய அலை எழுந்து வந்துகொண்டிருந்தது. நாகராஜ் அடுத்த படகின் வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.