எண்ணெய் தடவிய பாதம்

1

இந்தக் கதை என் மனத்தில் ஊறிக் கிடந்து வெளிவந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கஸ்பார் போன் செய்து கேட்டார். கஸ்பார் எங்கள் தேவாலயத்தின் பங்குப் பேரவைத் துணைத் தலைவர். (தலைவர் பங்குத்தந்தை. அவர் பேச வேண்டிய இடங்களிலும் கஸ்பாரே பேசிவிடுவார்.) நாகல் நகரில் மனை வாங்கி விற்கிறார். பங்கு இதழின் உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) மலருக்கு ஒரு கதை வேண்டுமாம்.

"நம்ம இருதயநாதன் சாரப் பத்தித்தாண்ணே. வாதம் வந்து படுத்த மனுசன் எந்திரிச்சு நடக்குறாரு. பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவுற பன்னெண்டு பேருல அவரையும் போட்டுருக்கேன். பீடத்துல ஏறி உக்காருறாரு, சாமியார் காலக் கழுவுறாரு, சனம் அழுகுது. அதோட முடிச்சிருங்க."

"வியாழக்கிழம இன்னும் வரவே இல்லையே கஸ்பார்."

"செவ்வாக்கிழம அச்சுக்குப் போகணும்ணே. நடக்கப்போறதுதான, எழுதுங்க."

நடக்காததை நடந்ததாக எழுதுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் கதையில் வருகிறவர் அடுத்த தெருவில், ஜன்னலோரம் நின்றுகொண்டிருக்கிறார். அதுதான் சங்கடம்.

2

முதல் தொடக்கம்: "இறைவனின் திருக்கரம் இருதயநாதனைத் தொட்டபோது—"

அடித்துவிட்டேன். அவரைத் தொட்டது, நடக்கப் பழக்க வருகிற நர்கீஸின் கரம். அதுவும் பிடித்து நடத்த இடுப்பில் மாட்டிய பெல்ட்டில்.

இரண்டாவது: "மாணவர்களை ஒற்றைக்காலில் நிற்கவைத்த விளையாட்டு வாத்தியார், இன்று தாமே ஒற்றைக்காலில்—"

இதையும் அடித்தேன். அவர் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர்தான். ஆனால் இப்படித் தொடங்கினால் வாசகருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வரும். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதற்கு நியாயம் கற்பிக்க நான் யார்? (நர்கீஸை அவருடைய பழைய மாணவியாக ஆக்கலாமா என்றும் யோசித்தேன். அவள் பேகம்பூர்ப் பெண். படித்தது வேறு பள்ளிக்கூடம். கதைகளில்தான் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.)

மூன்றாவது: "இருதயநாதனுக்குத் தரையைக் கண்டு பயமில்லை."

இது நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

இருதயநாதனுக்குத் தரையைக் கண்டு பயமில்லை. மைதானத்தில் விழுந்து எழுந்தே சம்பளம் வாங்கியவர். அவருக்குப் பயம் வியாகுலம்மாளைக் கண்டு.

வியாகுலம்மாள் அவர் மனைவி. ஒடிசலான உடம்பு. வலப்பக்கம் செயலற்று அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய புதிதில், குளியலறைக்குத் தாங்கிக் கூட்டிப்போனவள் அவள்தான். வாசற்படியில் அவருடைய வலது முழங்கால் மடங்கியது. அவள் பிடியை விடவில்லை. விடாததால் முதலில் விழுந்தது அவள். அவர் அவள்மேல் விழுந்தார். அவருக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் அவர் காதுக்கு மிகப் பக்கத்தில் கேட்டது.

ஆப்பிளும் ஆரஞ்சுமாக வீட்டுக்கு ஆள் வந்தது. "சாருக்கு ஒண்ணும் ஆகலல்ல? மாதா காப்பாத்திட்டா" என்றார்கள். கட்டுப் போட்ட கையோடு காப்பி கொண்டுவந்து வைத்தவளைப் பார்த்து ஒருவர், "அக்கா, எனக்குச் சீனி செத்தக் கம்மியா" என்றார்.*

(*அந்த ஒருவர் கஸ்பார். இந்த வரியை மலரில் போடமாட்டார்.)

அதற்குப் பிறகு இருதயநாதன் ஜன்னல் கம்பியை விடவில்லை. அவள் பக்கத்தில் வந்தாலே கால் உதறும். அவளோ, எலும்பு கூடியதும் முன்னைவிட இறுக்கிப் பிடித்தாள்.

"விடுடி."

"விட்டா விழுந்துருவீங்க."

"நீ புடிச்சாத்தாண்டி விழுவேன்."

"ஆமா, நாந்தான் தள்ளிவிடுறேன். கோயில்ல மைக் போட்டுச் சொல்லுங்க."

4

நர்கீஸ் பிசியோதெரபிஸ்ட். ஸ்கூட்டியை நிறுத்தியதும் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையில் இறங்கிவிடுவாள். வந்த வாரமே மெத்தையைத் தரையில் போடச் சொன்னாள்.

"படுக்கவா?" என்றார் இருதயநாதன்.

"விழ, சார்."

"சேசுவே!" என்று நெஞ்சில் கை வைத்தாள் வியாகுலம்மாள்.

"ஏன் சார், ஹை ஜம்ப்புக்குப் பிள்ளைகளுக்கு மொதல்ல என்ன சொல்லிக்குடுப்பீங்க? தாண்டவா, விழவா?"

"விழத்தான். அதுக்கு மணல் குழி இருக்கும்."

"இந்த வயசுல உங்களுக்கு மணல் குழிக்கு எங்க போறது? மெத்தையில விழுங்க."

விழப் பழகினார். முழங்காலை மடக்கி, நல்ல கையை முன்னே விட்டு, பக்கவாட்டில் சரிய வேண்டும். பிறகு நாற்காலியைப் பற்றி எழ வேண்டும். வியாகுலம்மாள் அறையில் இருந்தால் உடம்பு கட்டையாகிவிடும். அதனால் நர்கீஸ் வந்ததும் வராததுமாக, "அக்கா, எலுமிச்சம்பழம் வாங்கியாங்களேன், தொண்ட வறளுது" என்பாள். ஒரு கட்டத்தில் அந்த வீட்டில் ஊறுகாய் போட ஜாடி போதவில்லை. கம்பியிலிருந்து கை மெல்ல மெல்லக் கழன்றது.

5

பன்னிரண்டு பேரில் ஒருவராக வரச் சொன்னபோது இருதயநாதன் உடனே தலையாட்டியது கஸ்பாருக்கே ஆச்சரியம். விசுவாசம் என்று எடுத்துக்கொண்டார்.

"வலது பாதத்தத்தான் சார் கழுவுவாரு. செத்த காலு வேற. தண்ணி படயில சனத்துக்குப் புல்லரிக்கும்."

"செத்த காலுன்னா கல்லறத் தோட்டத்துக்குல்ல போகணும். பீடத்துக்கு எதுக்குக் கஸ்பாரு?"

அவர் சம்மதித்த காரணம் வேறு. எங்கள் பங்கில் அந்தப் பன்னிரண்டு பேரும் ஆண்கள். பீடத்துக்கு ஒருவர் பின் ஒருவராக, துணையில்லாமல் ஏறுவது வழக்கம். வியாகுலம்மாள் கூட வர முடியாத மூன்று படிகள் திண்டுக்கல்லிலேயே அங்கேதான் இருந்தன. அவற்றை ஏறி இறங்கிவிட்டால், மறுநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு "நீ உக்காரு" என்று சொல்ல வாய் வரும். விழுந்தாலும் தனியாக விழலாம். அவருக்கு வேண்டியது இம்புட்டுத்தான்.

படிகள் போன வருடம்வரை சிமெண்டு. இப்போது கறுப்பு கிரானைட். குனிந்தால் முகம் தெரியும். நடுப்படியில் தங்க நிற எழுத்தில்: திரு. கஸ்பார் குடும்பத்தினர் உபயம். தொங்கும் பாதத்தைத் தாங்க ஷூவுக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை வைத்திருந்தார். சடங்கில் அது ஆகாது, வெறுங்கால்தான். அதற்காக வீட்டுத் தரையில் வெறுங்காலோடும் பழகினார். காய்ந்த பாதம், சொரசொரத்த தரை. பிடித்துக்கொண்டது.

6

பாதம் கழுவும் சடங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பங்கில் யாரும் கழுவாத பாதத்தோடு அதற்குப் போவதில்லை. சாமியார் கையில் அழுக்குப் பட்டால் குடும்ப மானம் என்னாவது? நகம் வெட்டி, வெடிப்பைத் தேய்த்து, சோப்புப் போட்டு, பவுடர் பூசிய பாதங்களைத்தான் அவர் மண்டியிட்டுக் கழுவுவார். அன்று சேசு கழுவிய சீடர்களின் பாதங்களில் புழுதி இருந்திருக்கும். நாங்கள் அவரைவிடச் சுத்தக்காரர்கள்.

ஆகவே வியாழக்கிழமை சாயங்காலம் (இனி வருவதெல்லாம் நான் முன்கூட்டியே எழுதுவது) வியாகுலம்மாள் தரையில் உட்கார்ந்து அவர் வலது பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள். கல்லால் தேய்ப்பாள். வெந்நீர் ஊற்றுவாள்.

"சூடு தெரியுதாங்க?"

"தெரியல."

"இப்ப?"

"தெரியலடி. சீக்கிரம் விடு, மணியடிச்சிருவான்."

துடைத்துவிட்டுப் பார்ப்பாள். பாதம் சாம்பல் பூத்து வறண்டிருக்கும். சாமியார் முத்தம் கொடுக்கிற கால் அல்லவா? கொஞ்சம் தேங்காய் எண்ணெய் எடுத்து, விரலிடுக்கிலும் உள்ளங்காலிலும் தடவி, காலுறையை மாட்டி, ஷூவுக்குள் செருகிவிடுவாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்மூடியிருப்பார். உணர்வுள்ள காலென்றால் தெரிந்திருக்கும்.

இந்த எண்ணெயை நான் அடித்துவிடலாம். ஒரு வரிதான். ஆனால் வியாகுலம்மாளை எனக்குத் தெரியும். நான் அடித்தாலும் தடவுவாள்.

7

கோயில் முன்பெஞ்சில் உட்கார்ந்து இடது கையாலேயே ஷூவையும் காலுறையையும் கழற்றுகிறார். வரிசையில் கடைசி ஆள் அவர். முதல் படி: நல்ல கால் ஏறுகிறது, மற்றது பின்னால் வந்து சேருகிறது. இரண்டாம் படி: நல்ல கால். மற்றது—

மற்றது நிற்கவில்லை. குனிந்து பார்க்கிறார். கறுப்புக் கல்லில் அவருடைய பாதத்தின் அச்சு பளபளவென்று கிடக்கிறது. என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. கீழே அவளும் அந்த அச்சைப் பார்த்துவிடுகிறாள். கஸ்பார் போட்டோக்காரருக்குக் கண் காட்டுகிறார்.

முடிவு, அ: ஏறிவிடுகிறார். சனம் அழுகிறது. மலரில் நடுப்பக்கம், கலர்.

முடிவு, ஆ: நர்கீஸ் சொல்லிக்கொடுத்தபடி பக்கவாட்டில் விழுந்து, எழுகிறார். கைதட்டல் இன்னும் கூடும். இதுவும் கஸ்பாருக்கே சேரும்.

முடிவு, இ: விழுந்து, எழவில்லை. மறுநாள் பெரிய வெள்ளி மன்றாட்டில் ஒரு வரி சேரும். வழுக்கும் கல்லைப் போட்டவர் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள்; அது கல்லிலேயே இருக்கிறது. "எண்ணெயத் தடவி அனுப்பிவிட்ட பொம்பள" என்ற பெயர் மட்டும் வியாகுலம்மாளுக்கு நிலைக்கும். ஊரிடம் கொடுத்தால் இதைத்தான் எழுதும்.

முடிவு, ஈ: நடுப்படியிலேயே, கஸ்பார் குடும்பத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு, "சாமி இறங்கி வரட்டும்" என்கிறார். எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை. நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்த மாதிரி இருக்கிறது. அவரைப் பிடிக்க ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறது.

போன் அடிக்கிறது. கஸ்பார்தான். செவ்வாய்க்கிழமை.

நான் எடுக்கவில்லை. அங்கே வியாகுலம்மாள் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டாள். சரியாக மடங்காத அந்த இடது கை முன்னே நீண்டுவிட்டது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் நிலை தப்பும். முன்னால் பார்த்தபடியே, மைக்கில் விழாத குரலில், "வராதடி" என்கிறார். பாதம் இன்னும் வழுக்கிக்கொண்டிருக்கிறது.

இனி உங்கள் பாடு. முன்பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள். படிப்பக்கம் மட்டும் கையை நீட்டாதீர்கள், அவருக்குப் பிடிக்காது. வேண்டுமானால் அவளைப் பிடித்து உட்காரவையுங்கள், வலது கையாகப் பார்த்து. உட்கார்ந்ததும் இடது கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை.