கஸ்டர்டுக்கு எட்டு மார்க்

அந்த வீட்டு அடுக்களையில் எந்த டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்காது. மாவு, சர்க்கரை, உப்பு, பால் பவுடர் எல்லாம் ஒரே மாதிரி டப்பாவில், ஒரே மாதிரி மூடிக்குள், அலமாரியில் வரிசையாக நிற்கும். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது, இதற்கு எழுத்து எதற்கு என்பது வீட்டுக்காரியின் கட்சி. "நாக்கு எதுக்கு இருக்கு, ஊர்வம்பு பேசவா?" என்பாள். புருஷனும் இரண்டு பெண்களும் அந்த வம்புக்கே போகாமல் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டார்கள். ஜன்னல் பக்கத்திலிருந்து மூன்றாவது சர்க்கரை, நாலாவது உப்பு.

அவள் அப்படிப் பேசுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. பதினேழு வருடமாக பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் அறையில் வேலை. ஒரு கடி கடித்துவிட்டு, "ரெண்டாவது அடுப்புல ஒரு நிமிஷம் கூட விட்டிருக்கீங்க" என்பாள். அடுப்புக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அவளுக்கு 'நாக்கு மேடம்' என்று அங்கே பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் துணிந்து முகத்துக்கு நேரேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

வேலையை வேலையோடு விட்டுவிட்டு வருகிற ஜென்மமா அவள்? வீட்டுக்கும் கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் குடும்பமே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஏதாவது ஓர் இனிப்பு சாப்பிடும். கடையில் வாங்கினதானாலும் வீட்டில் செய்ததானாலும் பத்துக்கு மார்க் போட வேண்டும். முதல் மார்க் அவளுடையது. அவள் வாய் திறக்கும்வரை யாரும் ம் என்றுகூடச் சொல்லக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது, சப்புக்கொட்டக் கூடாது. ஒருத்தர் மூஞ்சியைப் பார்த்து இன்னொருத்தர் மார்க் போட்டுவிடுவார்களாம், அது தொழிற்சாலைச் சட்டம். செய்தவர் மட்டும் மார்க் வந்த பிறகுதான் ஸ்பூனைத் தொடலாம்.

ஐஸ்கிரீம், ஜாம் ரொட்டி, அவசரத்துக்குச் செய்த பான்கேக் என்று எல்லாமே அந்த மேசையில் அவளிடம் அடிபட்டிருக்கின்றன. தெருமுனைக் கடை சாக்லேட் கேக்குக்கு ஒரே ஒரு தடவை ஏழு கொடுத்தாள். அதுதான் சாதனை. அவள் புருஷன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். அவருக்கு மாதம் ஒரு தடவையாவது கஸ்டர்ட் கிண்டாவிட்டால் தூக்கம் வராது. பால், முட்டை, சர்க்கரை, அவ்வளவுதான் சங்கதி. ஆனால் நாலுக்கு மேல் அவர் தாண்டியதே இல்லை. "முட்டை வாடை. நாலு" என்பாள். "அடிபிடிச்சிருக்கு. மூணரை" என்பாள். ஒரு தடவை, "இதை வச்சு ஜன்னல் கண்ணாடி ஒட்டலாம்" என்றே சொன்னாள். அவரும், உன் நாக்குக்கு உழைக்கிறவன் ருசி எங்கே தெரியப்போகிறது என்று சண்டை போட்டுவிட்டு மறுமாதம் மறுபடி கிண்டுவார். ரோஷம் கெட்ட மனுஷர்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் காய்ச்சல் போனது, போகிறபோது நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இனிப்பு இல்லை, புளிப்பு இல்லை, வாசனையும் இல்லை. சோறு ஈரமாக இருந்தது, ரொட்டி காய்ந்திருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. நாளைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும் என்று பதினொரு நாள் ஓட்டிவிட்டாள். தொழிற்சாலையில், ஜலதோஷம் இன்னும் போகவில்லை என்று சொல்லி எழுத்து வேலை பார்த்தாள். வருகிற புதன்கிழமை வருடாந்திரப் பரீட்சை. பன்னிரண்டு சின்னக் கிண்ணங்களை முன்னால் வைத்து எதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பார்கள். தப்பாகச் சொன்னால் ருசி அறையை விட்டுப் பேக்கிங் பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில் சொல்லியிருக்கலாமே என்றால், அதுதான் அவளால் முடியவில்லை. பேக்கிங்கைக்கூடச் சகித்துக்கொள்வாள். இத்தனை வருஷம் இந்த மூன்று பேரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவள், எனக்கு நாக்கே போயிற்று என்று அவர்களிடமே போய் நிற்பதா? அந்த வீட்டில் தான் யார் என்பதே அந்த நாக்கை வைத்துத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அது இல்லாவிட்டால் தன்னிடம் என்ன மிச்சம் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

போன ஞாயிறு எப்படியோ தப்பித்தாள். சட்டத்தை மீறித் திருட்டுத்தனமாகச் சின்னவளின் காலைப் பார்த்தாள். கால் ஆடினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆடியது, ஆறு போட்டாள். பெரியவள் சும்மா இருக்கிற பிறவியா?

"ஏம்மா அவளையே பாக்கறே? நீ போட்ட சட்டம்தானே? அடுத்த வாரம் எல்லாரும் நிஜமாவே கல்லு மாதிரி உக்காரணும், சொல்லிட்டேன்."

அந்த அடுத்த வாரமும் வந்தது. கஸ்டர்ட் வாரம். சாப்பாடு முடிந்ததும் அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்து, "சர்க்கரை தீந்துபோச்சு, நிரப்பிக் குடு" என்றார். புதுச் சர்க்கரைப் பாக்கெட்டையும் உப்புப் பாக்கெட்டையும் முந்தின நாளே பிரித்து வேறு வேறு கிண்ணத்தில் கொட்டி வைத்திருந்தாள். இரண்டு கிண்ணமும் ஒரே வெள்ளை, ஒரே பொடி. பழக்கதோஷத்தில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள், ஒன்றும் தெரியவில்லை. மற்றதிலிருந்தும் வைத்துப் பார்த்தாள், அதுவும் அப்படியே. இது என்ன என்று வீட்டில் யாரைக் கேட்பது, கேட்டால் குட்டு உடைந்து போகுமே. இடப்பக்கம் வைத்ததுதான் சர்க்கரை என்று மனசு சொன்னது. கொட்டி மூடினாள்.

நாலு மணிக்கு மூன்று கிண்ணம் மேசைக்கு வந்தது. அவர் துண்டை அவிழ்க்காமல் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார்கள்.

அவள் நாக்கு லேசாகச் சுரீர் என்றது. ஆகா, திரும்பி வருகிறது போலிருக்கே என்று நெஞ்சு குதித்தது. அப்புறம் ஒன்றையும் காணோம். பெண்களைப் பார்த்தாள். சொன்ன சொல் தவறாமல் இரண்டும் கல்லாக உட்கார்ந்திருந்தன. சின்னவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். பெரியவள் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. இனிப்பைத் தின்றுவிட்டு அந்தப் பெண் கண்கலங்கி அவள் பார்த்ததே இல்லை. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அந்த மனுஷர் பரீட்சை எழுதின பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"எட்டு," என்றாள்.

"என்ன சொன்னே?" என்றார் அவர்.

"எட்டு. வழவழன்னு நல்லா வந்திருக்கு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு போனை எடுத்துத் தன் அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, எட்டு போட்டுட்டா. ஆமா, கஸ்டர்டுக்குத்தான். இல்லக்கா, நல்லாத்தான் இருக்கா, காய்ச்சல் எல்லாம் போயிடுச்சு." பேசிக்கொண்டே சின்னவளின் கிண்ணத்திலிருந்து ஒரு பெரிய ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சின்னவள், "அப்பா, வேணாம்" என்பதற்குள் போய்விட்டது.

அவர் துப்பவில்லை. விழுங்கினார். "அப்புறம் பேசறேன்க்கா," என்று போனை வைத்தார். முகத்தில் இருந்த சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. "கடல் தண்ணியைக் காய்ச்சின மாதிரி இருக்கு," என்றார் மெதுவாக. "கிண்டல் பண்றதுன்னா மூணு போட்டுட்டுப் பண்ணியிருக்கலாம். எட்டுன்னு சொல்லி, அக்காகிட்ட வேற பேசவிட்டுட்டே."

"அம்மா, சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னே?" என்றாள் பெரியவள்.

இதோ, வழி திறந்து கிடக்கிறது. ஆமாம், விளையாட்டு என்று சிரித்துவிட்டால் போதும். புதன்கிழமைவரை தள்ளிவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? ஆனால் அவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். பதினேழு வருஷமாக நாலும் மூணரையும் வாங்கி, சண்டை போட்டுச் சிரித்த மனுஷர், இப்போது சண்டைகூடப் போடாமல் துண்டை மடிக்கிறார். அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"விளையாட்டு இல்ல," என்றாள். "எனக்கு ருசியே தெரியல. காய்ச்சல்லேருந்து. உப்பும் தெரியல, சர்க்கரையும் தெரியல. டப்பாவுல மாத்திக் கொட்டினவ நான்தான்."

"பதினோரு நாளா?" என்றாள் பெரியவள். "அப்போ போன வாரம் போட்ட ஆறு?"

"இவ காலைப் பாத்துப் போட்டேன்."

"இன்னைக்கு எட்டு?" என்றார் அவர்.

"பாக்கறதுக்கு வேற எதுவும் இல்ல. உங்க மூஞ்சியப் பாத்துப் போட்டேன்."

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். சிரிக்கப் போகிறார்கள் என்று எதிர்பார்த்தாள். சின்னவள் சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் எழுந்து வந்து அம்மாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். பெரியவள் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நாக்கு எரியுதும்மா, அழுதுட்டேன்" என்றாள்.

"புதன்கிழமை பரீட்சைக்கு என்ன பண்ணப்போறே?" என்று கேட்டார் அவர்.

"நாளைக்கே போய்ச் சொல்லிடறேன். பேக்கிங்ல போட்டா போடட்டும்."

"போடட்டும். உடைஞ்ச பிஸ்கட்டாவது வீட்டுக்கு வரும்." துண்டை மறுபடி பிரித்து இடுப்பில் கட்டினார். "இரு, வேற பண்றேன். சர்க்கரையை நானே நக்கிப் பாத்துக்கறேன்."

அரைமணி நேரத்தில் இன்னொரு சட்டி இறங்கியது. இந்தத் தடவை ஒரே ஒரு கிண்ணம்தான் கொண்டு வந்தார். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் செய்கிற மாதிரியே ஸ்பூன் நுனியில் கொஞ்சம் எடுத்து, வாயை மூடிக்கொண்டு மென்றார். கஸ்டர்டை எதற்கு மெல்ல வேண்டும் என்று கேட்க அவளுக்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு? எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்."

அவர் என்ன சொன்னாலும் அவள் நம்பியாக வேண்டும். பத்து என்றாலும் கேள்வி கேட்க ஆள் இல்லை. பெண்கள் இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் இன்னொரு ஸ்பூன் எடுத்தார், நிதானமாக விழுங்கினார், கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"முட்டை வாடை இருக்கு," என்றார். "அடியில லேசாப் பிடிச்சிருக்கு. நடுவுல கட்டி."

"மார்க்?"

"நாலு."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் பார்க்கவில்லை. சின்னவளுக்குப் பாவமாக இருந்ததோ என்னவோ, "நாலரை போடலாமேப்பா," என்றாள்.

"நாலுதான்," என்றார் அவர்.