மழைமானிக்கு ஒரு கூரை

வானத்தின் வாயைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் பெற்ற ஒரு மனிதர் இந்த றக்வான மலையில் நம்மோடு வாழ்ந்தார், நாம்தான் அவரை அறிந்துகொள்ளவில்லை. ஞாயிறு ஆராதனையின் அறிவித்தல் நேரத்தைச் சபைச் செயலாளர் தேவசகாயம் இப்படித்தான் ஆரம்பித்தார். இரண்டாவது வாங்குப் பலகையில் இருந்த விஜயகலா டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லப்படும் மனிதர் அவளுடைய அப்பா. அவர் வானத்தின் வாயைத் திறந்ததும் இல்லை, மூடியதும் இல்லை. அதிலிருந்து கொட்டியதை ஒரு செப்புப் பாத்திரத்தில் பிடித்து அளந்தார், அவ்வளவுதான்.

'விஞ்ஞானி கலாநிதி சாமுவேல் அழகமுத்து ஐயா அவர்கள்' என்று தேவசகாயம் தொடர்ந்தார். அப்பா தேயிலை ஆராய்ச்சி நிலையமொன்றில் உதவி உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். உயிரோடிருந்த காலத்தில் யாராவது கலாநிதி, டாக்டர் என்று கூப்பிட்டால், "காய்ச்சலுக்கு என்கிட்ட மருந்து இல்லீங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். செத்த பிறகு மறுப்புச் சொல்ல ஆளில்லை, பட்டம் நிலைத்துவிட்டது.

ஓய்வு பெற்றும் அவர் மழையை விடவில்லை. மழைமானிக்குப் பக்கத்தில் மரமோ சுவரோ இருக்கக் கூடாது. அந்தச் சரிவு முழுக்க அலைந்து பார்த்ததில் அப்படி ஒரு சமதரை தேவாலய முற்றம் மட்டும்தான். போதகரிடம் அனுமதி கேட்டு நட்டு வைத்தார். அன்றிலிருந்து தினமும் காலை எட்டரைக்கு அவர் தேவாலயத்துக்குப் போகிறார் என்பது ஊரறிந்த பக்தியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்தப் பக்தியில் ஒரு சின்னக் குறை. ஆராதனையும் எட்டரைக்கு. முதல் பாட்டு முடிந்த பிறகுதான், கால்சட்டையின் முழங்கால் இரண்டிலும் சேற்றோடு உள்ளே வருவார்.

முழங்காலில் சேறு வந்ததற்கும் காரணம் உண்டு. சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, பக்கத்துச் சீமெந்துக் கட்டின் மேல் நிறுத்தி, கண் மட்டத்துக்கு நேராக வைத்துத்தான் வாசிக்க வேண்டும். அதற்காக மண்டியிடுவார். ஒரு கண்ணை மூடுவார். உதடு அசையும், கோடுகளை எண்ணுவார். மழை கொட்டினாலும் இதில் மாற்றமில்லை. றோட்டில் போகிறவர்களின் கண்ணுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? அவர் ஆராய்ச்சி நிலையத்தில் அளந்த காலத்தில், சிறுமியாக இருந்த விஜயகலாவே ஒருமுறை கேட்டிருக்கிறாள், அப்படி நிற்கும்போது ஜெபமும் பண்ணுவீங்களா என்று.

"ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சா ரீடிங் பிழையாயிரும்மா" என்றார்.

அவளுக்குத் தெரிந்த அப்பா அந்த ரீடிங்கில்தான் இருந்தார். லீவு நாள் காலையில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்று, "நேத்து ராத்திரி ஒனக்குப் பன்னெண்டு மில்லிமீட்டர்" என்பார், சந்தையிலிருந்து வாங்கி வந்ததைப்போல. அவள் பிறந்தநாள் ஒவ்வொன்றுக்கும், அவள் பிறந்த அன்றைக்குப் பெய்த மழையின் அளவைச் சொல்லுவார். வேறு பரிசு நினைவில்லை. வேறு பரிசு வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

ஊர் அவரை மதித்தது வேறொன்றுக்காக. சில வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதம், குழாயைப் பார்த்துவிட்டு எழுந்த மனிதர் நேரே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான கீழ் லயத்துக்கு இறங்கிப்போய், "எல்லாரும் இன்னைக்கு ஸ்கூல்ல போய்ப் படுங்க" என்றார். போனார்கள். அன்றிரவு மண்மேடு சரிந்து வந்து இரண்டு வீட்டுச் சமையல் குசினிகளின் மேல் உட்கார்ந்தது. உள்ளே ஆள் இல்லை. மண் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும், எவ்வளவு விழுந்தது என்பதை அளந்திருந்தார். ஊரோ, முழங்காலில் நின்றவருக்குத் தேவன் தரிசனம் காட்டினார் என்று முடிவு செய்தது. ரீடிங் என்பதைவிடத் தரிசனம் என்பது சொல்லவும் கேட்கவும் வசதி.

அவர் செத்த பிறகு இந்த ஒரு வருடமாக விஜயகலாதான் அளக்கிறாள். மழைக்காலத்தில் கீழ் லயத்தில் கொழுந்து பறிக்கும் சின்னம்மா கூடையோடு தேவாலயக் கேட்டடியில் நின்று, "டீச்சர், இன்னைக்கு நாங்க தூங்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுவாள். அந்தக் கேள்விக்கு ஒரு எண் வேண்டும். எண் இல்லாமல் தூங்கு என்று சொல்ல அவளால் முடியாது.

தேவசகாயம் கடைசியாகத்தான் விஷயத்துக்கு வந்தார். ஐயாவின் முதலாம் ஆண்டு நினைவாக, அவர் முழங்காலிட்ட அதே இடத்தில், மெல்பேர்னில் இருக்கும் மகன் நிரோஷனின் உதவியோடு, நான்கு தூண்களும் நீலத் தகரக் கூரையுமாக ஒரு ஜெப மண்டபம் எழும்பும். அந்தப் புனிதப் பாத்திரம் அதன் நடுவில், மழை படாமல் பாதுகாக்கப்படும்.

சபை ஆமென் சொன்னது.

ஆராதனை முடிந்ததும் விஜயகலா தேவசகாயத்தைப் பிடித்தாள். தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் பெரிய கிளாக்கராக இருந்தவர். எதிரில் யார் பேசினாலும் லீவு கேட்க வந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

"கிளாக்கரய்யா, அப்பா அங்க ஜெபம் பண்ணலீங்க. மழைய அளந்தாரு."

"நான் கண்ணால பாத்தவன் டீச்சர். முழங்கால், மூடின கண்ணு, அசையுற ஒதடு. இதுக்கு மேல ஜெபத்துக்கு என்னங்க வேணும்?"

"ஒரு கண்ணத்தாங்க மூடுவாரு."

அவர் சிரித்தார். பெற்ற பிள்ளைகளுக்குத்தான் அப்பனின் அருமை கடைசியில் தெரியும் என்றார். பாத்திரத்தை வேறிடத்துக்கு மாற்றலாமா என்று கேட்டதற்கு, புனிதமான பொருளை இடம் பெயர்ப்பது வழக்கமில்லை என்றார். வழக்கம் எந்தக் காலத்திலிருந்து என்று அவள் கேட்கவில்லை. மாற்றுவதானாலும் எங்கே? முற்றத்தில் மிச்சமெல்லாம் கல்லறை. யாருடைய தலைமாட்டிலாவது வாளி வைக்க அவளுக்கே மனம் வரவில்லை. அவள் வீட்டைச் சுற்றிப் பலாவும் சவுக்கும்.

கடைசியாக, கூரையின் நடுவில் ஒரு ஓட்டை விடச் சொன்னாள். வேலைக்கு வந்திருந்த சுமணே பாஸ், முப்பது வருடக் கொத்தனார், அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஓட்டை அடைக்கத்தான் மிஸ் எல்லாரும் என்ன கூப்பிடுறது. ஓட்டை போடச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டது இல்ல. எனக்கு லெஜ்ஜாய், வெக்கம்." தேவசகாயமும் ஊர் சிரிக்கும் என்றார்.

அண்ணனுக்கு அன்றிரவே அழைப்பு எடுத்தாள். கூரைக்குக் கீழே வைத்தால் மழைமானிக்கு வேலை என்ன, சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரிதானே என்று மூச்சு விடாமல் சொன்னாள். நிரோஷன் அழ ஆரம்பித்தான்.

"கலா, அப்பா நனைஞ்சு நனைஞ்சுதான் நெஞ்சுல சளி கட்டிச் செத்தாரு. நான் வந்து பாக்கக்கூட இல்ல. அந்த எடத்துல இனி ஒரு சொட்டு விழக் கூடாதுன்னு ஒரு ஆசை. அதுல என்ன பிழை?"

ஆசையில் பிழை இல்லை. கிளாக்கரோடு சண்டை போடலாம். அழுகிற அண்ணனிடம் மழைவீழ்ச்சி பற்றி என்னவென்று பாடம் நடத்துவது?

திறப்பு விழா அன்றைக்கு மழை இல்லை. பாத்திரத்தைப் பிரஸோ பாலிஷ் போட்டு மின்ன வைத்து, கழுத்தில் மல்லிகை மாலை போட்டிருந்தார்கள். வாயில் ஒரு கொத்து ரோஜா செருகியிருந்தது. இரத்தினபுரியிலிருந்து வந்திருந்த பிரமுகர் ஒருவர் அப்பாவை மூன்று தடவை வேறு பெயரில் புகழ்ந்தார். பிறகு மைக் விஜயகலாவின் கைக்கு வந்தது. இன்றைக்கு விட்டால் இனி எப்போதும் இல்லை என்று தெரிந்துதான் எழுந்தாள்.

"எங்கப்பா இந்த எடத்துல மழைய அளந்தாரு" என்றாள்.

"ஆமென்" என்றது சபை.

"அதுக்கு வானம் தொறந்து இருக்கணும்."

இன்னும் பலத்த ஆமென். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். விஜயகலா அடுத்த வாக்கியத்துக்கு வாயெடுப்பதற்குள் போதகர் உருகிப்போய் எழுந்து, மழையை அளந்தவர், கிருபையை அளந்தவர், வானம் திறந்திருக்கக் கண்டவர் என்று மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். அவள் சொன்ன உண்மை அவ்வளவும், அவள் கண்ணெதிரிலேயே, பிரசங்கமாகிவிட்டது.

கூட்டம் கலையும்போது சின்னம்மா ஒரு தூணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள். "இனிமே நாங்க ஒங்கள வந்து தொந்தரவு பண்ண மாட்டோம் டீச்சர். அய்யாவே பாத்துக்குவாரு" என்றாள். நிம்மதியாகச் சொன்னாள். விஜயகலா அவளைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாத்துக்க மாட்டாரு அக்கா. மழை புடிச்சா ஸ்கூலுக்குப் போயிருங்க" என்றாள். சின்னம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சோற்றுப் பார்சலோடு இறங்கிப் போனாள்.

அன்றிரவு மழை பிடித்தது. றக்வான மலையில் மழை பெய்யும் என்று சொல்வதில்லை, பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். விடிந்தும் விடவில்லை. கீழ் லயத்துக்கு ஃபோன் எடுத்துப் பார்த்தாள், எடுப்பாரில்லை. எட்டரைக்குக் கால் தன்பாட்டில் தேவாலயத்துக்கு நடந்தது. நீலத் தகரத்தின் மேல் மழை முரசறைந்தது. ரோஜாக் கொத்தை எடுத்து வீசினாள். பாத்திரத்தைத் தூக்கியபோது உள்ளே ஏதோ தளும்பியது. குழாயில் ஊற்றி, சீமெந்துக் கட்டின் மேல் நிறுத்தி, மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக் கோடுகளை எண்ணினாள்.

பின்னால் யாரோ குடை மடக்கும் சத்தம். தேவசகாயம் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார். கேட்டடியில், மழைக்குத் தலையில் போட்ட சாக்குக் கொங்காணியோடு சின்னம்மாவும் நின்றாள். டீச்சரின் ஜெபம் முடியட்டும் என்று காத்திருந்தாள். பழக்கத்தை விட முடியாமல் வந்திருந்தாள் போலிருக்கிறது.

"எவ்வளவுங்க டீச்சர்?" என்று சின்னம்மா கேட்டாள்.

நான்கு மில்லிமீட்டர், ராத்திரி முழுக்கக் கொட்டிய மழைக்கு. விஜயகலா நிமிர்ந்து பார்த்தாள். சரியாக நடுவில், சுமணே பாஸ் ஆணி அடித்த இடத்தில், கூரை ஒழுகியது.