மூன்றாவது சிவப்புத் துணி

காட்டில் கட்டியிருக்கும் மூன்று சிவப்புத் துணிகளை வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக் கண்டுபிடித்தால்தான் நான்கு நாள் மலைநடைக்கு வழிகாட்டி இல்லாமல் போகலாம். நடைக் குழுவின் விதி அது. தையல்காரி இரண்டு சனிக்கிழமைகள் தோற்றிருந்தாள். இது கடைசி வாய்ப்பு.

அவள் கணவர் தபால்காரர். போன வருடம் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. இனி மலையேறலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் செல்போன் எடுக்காத இடத்தில் அவர் விழுந்துவிட்டால், இறங்கிப் போய் ஆள் கூட்டிவர அவளுக்கு வழி தெரிய வேண்டும். அதற்காகத்தான் கற்றாள். அவரிடம் பொழுதுபோக்கு என்றாள்.

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் பிடித்த திசை ஒருமுறைகூடத் தப்பியதில்லை. கடையை மூடிவிட்டு நேராகக் காட்டுக்கு வரும் சனிக்கிழமைகளில்தான் எல்லாம் கோணலாகிவிடும்.

இன்றும் அப்படித்தான். ஓடையோரமாகவே நடந்து இரண்டு துணிகளைப் பிடித்தாயிற்று. அங்கிருந்து மூன்றாவதுக்குத் திசை பிடித்து நடந்தால் முட்புதர்தான் இருந்தது.

"அறுநூறு அடி சரியா எண்ணிட்டேன். கணக்கு என்னுது, திசை உன்னுது," என்றார் கூட வந்த கணவர்.

"முப்பது வருஷமா வீடு தேடிப் போய் லெட்டர் குடுத்தவருக்கு ஒரு துணி அகப்படல."

"அதுக்குக் கதவு நம்பர் இல்லையேம்மா."

அவள் சிரிக்கவில்லை. திசைகாட்டியைப் பாறைமேல் வைத்தாள். சோதனை முடிய முக்கால் மணி நேரம் இருந்தது. அவருடைய கால்சட்டையை முள் கிழித்திருந்தது. குனிந்து, தன் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையிலிருந்து ஒரு குண்டூசி எடுத்துக் குத்தினாள்.

"கைய இன்னொரு தடவை அந்தப் பக்கமா கொண்டு போ," என்றார் அவர்.

கொண்டு போனாள். திசைகாட்டியின் முள் அவள் கையோடு திரும்பியது.

கடை தொடங்கிய வாரம், குண்டூசிகள் ஒட்டிக்கொள்ளட்டும் என்று பழைய ரேடியோவின் காந்தத்தைத் துணிக்குள் வைத்து அவரே கோணல்மாணலாகத் தைத்துக் கொடுத்த பட்டை அது. திசைகாட்டியைத் திருப்பிவிடும் என்று, குழுவில் பயிற்சி தரும் பெண் சாவியையும் செல்போனையும் வாங்கி வைத்திருந்தாள். பட்டை யார் கண்ணிலும் படவில்லை. அவளுக்கே அது கையில் இருப்பது மறந்து வெகுகாலம்.

"கழட்டி வீசிடறேன்."

"நான் தச்சது இது ஒண்ணுதான். குடு இங்க." வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டார். "நான் முன்னால போறேன். என்னப் பாத்துத் திசை பிடி."

இரண்டாவது துணிக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி தொடங்கினார்கள். அவர் ஐம்பது அடி போய்த் திரும்பி நிற்பார். அவள் திசைகாட்டிக்கு மேலாகப் பார்த்து இடது, வலது என்று கைகாட்டி நகர்த்துவாள். பிறகு அவர் நிற்கும் இடத்துக்கு நடப்பாள். அவர் மறுபடி முன்னே போன பிறகுதான் திசைகாட்டியைத் திறப்பாள்.

பன்னிரண்டாவது தடவை அவர் போய் நின்ற மரத்தடியில் பயிற்சி தரும் பெண் உட்கார்ந்திருந்தாள். மேலே சிவப்புத் துணி.

"எதுக்குக்கா இவ்வளவு பிடிவாதம்?" என்று கேட்டபடி சோதனைச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள் பெண்.

"சும்மா, பொழுதுபோக்கு."

"ஆமா, பொழுதுபோக்குதான்," என்றார் தபால்காரர். "மலை வரைபடத்துல வண்டி வர்ற ரோட்டுக்கெல்லாம் பென்சில்ல வட்டம் போட்டு வெச்சிருக்கா."

அவள் அவரைப் பார்த்தாள். "எப்ப பாத்தீங்க?"

"முதல் வட்டம் போட்ட அன்னைக்கே."

திசைகாட்டியை மூடிப் பையில் போட்டாள். பட்டை கட்டிய அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.