ஓரகத்தியும் நித்திய ஜீவனும்

தையற்கடை ஊசிக்கு விசுவாசம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. தொழிலுக்கும் நாக்குக்கும் சேர்த்துத் தெரு வைத்த பெயர்தான் ஊசி. அதுவரை அவள் சர்ச்சுக்கே போகாதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாரம் தவறாமல் போவாள், முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுத் தையலைப் பார்த்து உச்சுக் கொட்டுவாள், வீட்டுக்கு வருவாள். அவளுக்கும் ஆண்டவருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான்.

அன்றைக்குப் புதுப் போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். "செத்துப்போன ஆண்டவர் நிழலாவோ புகையாவோ வரலை. உடம்போட வந்தார். சிநேகிதங்களோட உட்கார்ந்து மீன் சாப்பிட்டார். நம்மளையும் அப்படித்தான் எழுப்புவார்."

மீன் என்றதும் ஊசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் புருஷன் மீனுக்காக உயிரையே விடுவார். அவர் போனதிலிருந்து 'போயிட்டார், முடிஞ்சுது' என்று மனசை இறுக்கி வைத்திருந்தவளுக்கு, அவர் எதிரே உட்கார்ந்து முள் எடுப்பது கண்ணெதிரே அப்படியே தெரிந்தது. கடைசிப் பாட்டு முடியும்வரை அழுதாள்.

நிஜமாகவே நம்பிவிட்டாள், அதுதான் சிக்கல். நம்மைப் போல அரைகுறையாக நம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சொன்ன தேதியில் துணி தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுத்தாள். வாடிக்கைக்காரர்கள் பயந்துபோய், "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று விசாரித்தார்கள்.

அடுத்த வாரம் போதகரின் அறைக்குள் போய் நின்றாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். நம்மள எழுப்பும்போது எந்த அளவுல எழுப்புவார்? கல்யாணத்தப்போ இருந்த இடுப்பா, இப்ப இருக்கறதா?"

"மகிமையான சரீரம்மா அது."

"அளவு சொல்லுங்க."

போதகர் தண்ணீர் குடித்தார்.

"சரி, அதை விடுங்க. எல்லாருமா எழுந்திருப்பாங்க?"

"விசுவாசிக்கற எல்லாரும்."

"எங்க ஓரகத்தியுமா?"

ஓரகத்தி என்றால் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள், எல்லோருக்கும் டீச்சர். மாமியார் சாவில் ஊசி சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதபோது, "போதும், போட்டோ எடுத்தாச்சு" என்று சபை நடுவே சொன்ன புண்ணியவதி. அன்றோடு பேச்சு அறுந்தது. இப்போது இரண்டு பேரும் விதவைகள். அண்ணனும் தம்பியும் குடும்பக் கல்லறையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். அவர்கள் காலடியில் மிச்சமிருப்பது இரண்டே இடம், அதுவும் ஒட்டினாற்போல.

"டீச்சரும் எழுந்திருப்பாங்க" என்றார் போதகர்.

"அப்புறம் எத்தனை நாளைக்கு?"

"நித்தியமா."

"அவகூடயா?"

"இங்கேயே பேசித் தீர்த்துட்டா நல்லதும்மா."

"அவ வந்து பேசட்டும். இல்லைன்னா எனக்கு வேற இடம் பாருங்க. அவ பக்கத்துல என்னால படுக்க முடியாது."

போதகர் தங்கமான மனுஷர். ஆனால் அவர் வாயில் எதுவும் தங்காது.

சில நாள் கழித்து ஊசி தானே கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். காவல்காரர் தலையைச் சொறிந்தார். "குழாய்கிட்ட சுவரோரமா ஒண்ணு இருந்துச்சு. இப்பத்தான் அந்தம்மா சொல்லி வெச்சாங்க." அவர் கை காட்டிய இடத்தில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள் டீச்சர்.

ஊசிக்கு வந்ததே கோபம்! தானும் அதே காரியத்துக்குத்தான் வந்தோம் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று. விறுவிறுவென்று போனாள்.

"என் பக்கத்துல படுக்கறதுக்கு உனக்கு அவ்வளவு கசக்குதா?"

"கசக்குதுன்னு சொன்னது நீ. போதகர் எல்லாத்தையும் சொல்லிட்டார்" என்றாள் டீச்சர். "உன் புருஷன் காலடியில நீ நிம்மதியா இரு. நான் இங்க இருந்துக்கறேன்."

"இங்கயா? எந்நேரமும் ஈரம். உனக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு!"

"செத்தப்புறம் என்னடி மூச்சிரைப்பு?"

"எழுந்திருக்கும்போது?"

டீச்சருக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிப்பு இருமலாகி, குழாய் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு ஒரு நிலைக்கு வர வெகு நேரமாயிற்று.

"திங்கட்கிழமை நெஞ்சுல ஆபரேஷன். பிழைச்சாலும் பிழைக்கலாம், போனாலும் போகலாம்னு சொல்றாங்க. அதான் அவசரமா இடம் பார்த்தேன்."

ஊசி கீழே விழுந்திருந்த குடையை எடுத்து மடக்கி அவள் பக்கத்தில் வைத்தாள்.

"அத்தை சாவுல நான் சொன்னேனே..." என்று ஆரம்பித்தாள் டீச்சர்.

"அதை விடுக்கா."

"விட முடியலை. நீ அழுதது நிஜம்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எனக்குத்தான் அழுகையே வரலை. மூத்த மருமக, சொட்டுக் கண்ணீர் இல்லை. எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. அந்த எரிச்சல்ல உன் மேல பாஞ்சுட்டேன்."

இந்தப் பேச்சு வந்தால் சொல்வதற்கென்று ஊசி பல வருஷமாகக் கூர்தீட்டி வைத்திருந்த பதில்கள் எத்தனையோ. ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "இத்தனை வருஷம் இதைச் சொல்லாம வெச்சிருந்தியே, பாவி!" என்று கத்தினாள். கத்திவிட்டு அவள் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்து, கேவிக் கேவி அழுதாள்.

"அண்ணே!" என்று காவல்காரரைக் கூப்பிட்டாள். "இந்த இடத்தை வேற யாருக்காவது கொடுங்க. எங்கக்கா எங்களோடதான்."

அப்புறம் டீச்சரின் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, துணிக்கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிற அதே குரலில் ஜெபம் பண்ண ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, கடைசி நாள்ல அக்காவை எழுப்புவீர். நம்பறேன், அதுல எனக்குத் துளி சந்தேகம் இல்லை. ஆனா அது எப்போன்னு யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது. இவகூடப் பேச வேண்டியது மலையாட்டம் கிடக்கு. எழுப்பறது உமக்கு என்ன புதுசா? திங்கட்கிழமையும் ஒரு தடவை, ஆஸ்பத்திரியிலயே, எழுப்பிக் கொடுத்துடும். அழுது கேக்கறேன்."

டீச்சர் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது.

"மயக்க மருந்து கொடுக்கற டாக்டரையும் சேர்த்துக்கோடி. ரொம்பச் சின்னப் பையனா இருக்கார்."

ஊசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மறுபடி கண்ணை மூடி, டாக்டரையும் சேர்த்துக்கொண்டாள்.