குத்தூசிக்குச் சிக்காத பக்கம்

இடது தோள் கழுத்தெலும்பிலிருந்து முழங்கை வரை தீயாய் எரிந்தது. இருபத்திரண்டு வருடமாக அவன் மூட்டை சுமப்பது அந்த ஒரு தோளில்தான். வலது தோளுக்கு மாற்றினால் கால் தடுமாறும். அதனால் கிடங்கில் அவனுக்கு ஒத்தைத்தோள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு லாரி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவனுக்குச் சட்டையைக் கழற்றக் கை உயரவில்லை. மனைவிதான் கையைப் பிடித்து உருவினாள்.

"ஒரு சட்டையைக் கழட்ட முடியல. இதுல ஐயாவுக்குக் கமிட்டி வேற" என்றாள்.

கமிட்டிக்குக் காரணம் மேசைமேல் கிடந்தது. செங்கல் தடிமனில் ஓர் உளவாளி நாவல். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். மகள் படிக்கும் பள்ளியின் நூலகப் புத்தகம் அது. இது பிள்ளைகள் படிக்கக்கூடாத புத்தகம் என்று மருந்துக்கடைக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் மகனும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான். உடனே தலைமையாசிரியை புத்தகத்தைத் திரும்ப வாங்கி, பெற்றோரில் இரண்டு பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார். ஒருவர் தையல்காரம்மா. மற்றவன் ஒத்தைத்தோள். பிரதி ஒன்றுதான் இருந்ததால் கைமாறிக் கைமாறிக் கடைசியில் அவனிடம் வந்தது. கூடவே ஒரு படிவம்: 'முழுவதும் படித்தேன். என் கருத்து இது.' கீழே கையெழுத்துக்குக் கோடு. சனிக்கிழமை கூட்டம்.

புத்தகத்தின் ஓரத்தில் ஆறு மஞ்சள் சீட்டுகள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. மருந்துக்கடைக்காரர் ஒட்டியவை.

ஒத்தைத்தோள் சுமப்பதோடு சரக்குப் பார்ப்பவனும்கூட. மூட்டை வந்தால் குத்தூசியை எடுத்து வாயில் ஒரு குத்து, வயிற்றில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. குழிவான அந்த இரும்பு ஊசியில் கொஞ்சம் கோதுமை வந்து நிற்கும். முகர்ந்து, கடித்து, சரியா தப்பா என்று ஒரு வார்த்தை சொல்வான். அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. புத்தகத்தையும் அப்படியே பார்த்தான். தொடக்கத்தில் ஒரு பக்கம், மழை பெய்தது. நடுவில் ஒரு பக்கம். ரயில் நிலையத்தில் ஒருவன் கடிகாரம் பார்த்தான். கடைசிக்குப் பக்கத்தில் ஒன்று. கிழவர் ஒருவர் பறவைக்குத் தீனி போட்டார்.

"நல்ல சரக்குதான். எவன் இதைப் போய்க் கெட்டதுன்னான்?" என்று பேனாவை எடுத்தான்.

மகள் எட்டிப் பார்த்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். புத்தகம் திரும்ப வாங்கப்பட்டது அவள் கையிலிருந்துதான்.

"முடிச்சிட்டீங்களாப்பா?"

"பார்த்துட்டேன்."

"எத்தனை பக்கம்?"

"மூணு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "நிஜமாவா? அப்பா, உங்க மூட்டையில இருக்கிறதெல்லாம் ஒரே கோதுமை. எங்க குத்தினாலும் அதேதான் வரும். இது அப்படியா? ஒரு பக்கத்துல ஆளைக் கொல்றாங்க, அடுத்த பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறாங்க. எங்கன்னு குத்துவீங்க?"

"எனக்குத் தொழில் சொல்லித் தர்றியா?"

"தொழில் இல்லப்பா, நியாயம். அவரு சீட்டு வச்ச பக்கத்தை மட்டும் படிச்சாரு. நீங்க சீட்டு இல்லாத பக்கத்தை மட்டும் படிச்சிருக்கீங்க. ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? முழுசாப் படிச்சேன்னு கையெழுத்து வேற!"

சுருக்கென்றது. பார்க்காத மூட்டைக்கு அவன் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. பேனாவை மூடினான்.

"முழுசாப் படிக்கிறேன்."

"சனிக்கிழமைக்குள்ளயா? கரண்டு பில்லைப் படிக்கவே உங்களுக்குக் கால்மணி நேரம் ஆகும்!"

"படிக்கிறேன்னா படிக்கிறேன்."

அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அப்ப எனக்கு ஒண்ணு மட்டும். நான் இருநூத்து முப்பத்தொண்ணுல நிக்கிறேன். அந்த ரொட்டிக்கடைப் பொண்ணு பஸ் ஏறுறா. அவளுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லிடுங்க. தூக்கம் வரமாட்டேங்குது."

"சனிக்கிழமை சொல்றேன்."

"வாக்கு?"

"வாக்கு."

புதன்கிழமை மத்தியானம் மற்றவர்கள் கட்டையைச் சாய்த்தபோது அவன் மூட்டை அடுக்கில் சாய்ந்து புத்தகத்தை விரித்தான். விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தித்தான் அவனுக்குப் படிக்க வரும். கோதுமைத் தூசு ஒவ்வொரு வரியின் கீழும் சாம்பல் கோடு போட்டது.

கூட வேலை செய்யும் நெட்டை வந்து வெளிச்சத்தை மறித்தான். "என்ன மாப்ளே, தலை நரைச்சப்புறம் பரீட்சையா?"

"பள்ளிக்கூட வேலை. தள்ளி நில்லு, வெளிச்சம் வரட்டும்."

"இது என்ன மஞ்சச் சீட்டு? ஓ, இதுதான் விஷயமா!" நெட்டை புத்தகத்தைப் பிடுங்கி முதல் சீட்டில் பிரித்து உரக்கப் படித்தான். "'அவள் அவன் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினாள். விளக்கை அணைத்தாள்.' அடி சக்கை!" ஆவலாகப் பக்கத்தைத் திருப்பினான். "அடப்பாவி, அடுத்த வரியில விடிஞ்சிருச்சுய்யா! இதுக்கா சீட்டு வச்சான் மனுஷன்?"

படுத்திருந்தவர்கள்கூட எழுந்து சிரித்தார்கள். நெட்டைக்கு உற்சாகம் வந்து இரண்டாவது சீட்டுக்குப் போனான். நிலவறை. நாற்காலியில் கட்டப்பட்ட ஒருவன். ஒரு குறடு. விரல் நகங்கள். மூன்று பக்கம் போனது. இரண்டாம் பக்கத்திலேயே நெட்டையின் குரல் இறங்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மூட்டைக்கொக்கி குத்தி நகம் போன விரல் அந்தக் கூட்டத்தில் நான்கு பேருக்கு இருந்தது.

நெட்டை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். "இதை எதுக்குய்யா புள்ளைங்க படிக்கணும்?"

"தெரியல. முடிச்சாத்தான் சொல்ல முடியும்."

வியாழக்கிழமை வேலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி படித்தான். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தான். புதன், வியாழன் இரண்டு இரவும் விடியும்வரை சமையலறையில் உட்கார்ந்து படித்தான். தோளில் தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டே மனைவி, "கல்யாணத்துக்கு முன்னால எனக்கு ஒரு கடுதாசி எழுதச் சொன்னப்ப, எழுத்துன்னாலே அலர்ஜின்னு சொன்ன ஆளு நீங்கதானே?" என்றாள். அவன் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. கதைக்குள் ரொட்டிக்கடைப் பெண் வந்திருந்தாள்.

பதினாறு வயது. கதையின் நாயகனான உளவாளிதான் அவளைத் தன் வேலைக்குப் பிடிக்கிறான். நல்லவன் பக்கத்து ஆள். அவளிடம் அவன் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. விரல் நுனிகூடப் படவில்லை. உன் கையெழுத்து அழகு என்கிறான். உன்னைப்போல் விவரமான ஆளைப் பார்த்ததில்லை என்கிறான். ஒரு சின்ன உறையை எதிர்வீட்டில் கொடுக்கச் சொல்கிறான். பிறகு இன்னொன்று. நான்காவது உறைக்கு அவள் தன் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். ஐந்தாவது உறையோடு எல்லைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுகிறாள். உறைக்குள் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. அனுப்பியவனுக்குத் தெரியும்.

இந்தப் பகுதி முழுக்க ஒரு மஞ்சள் சீட்டுக்கூட இல்லை.

நனைந்த மூட்டை தொட்டாலே தெரியும். பூச்சி விழுந்த மூட்டைதான் வெளியே உலர்ந்து வழவழவென்று மாப்பிள்ளை மாதிரி இருக்கும். இருநூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் மகள் மடித்த மூலை இருந்தது. அதை நீவிவிட்டு மேலே படித்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கிடங்கில் கடைசிப் பக்கம் முடிந்தபோது சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தான்.

"பசிக்கலயா?" என்று கேட்டான் நெட்டை.

"அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

சனிக்கிழமை நூலக அறையில் ஐந்து பேர். தலைமையாசிரியை, நூலகர், மருந்துக்கடைக்காரர், தையல்காரம்மா, அவன். புத்தகம் நடுவில் குற்றவாளி மாதிரி கிடந்தது.

"நான் சண்டைக்கு வரல" என்றார் மருந்துக்கடைக்காரர். "விஷ பாட்டிலைக் கைக்கெட்டாத தட்டுல வைக்கிறது என் வேலை. அந்த நிலவறை அத்தியாயத்தைப் படிச்சிட்டு என் பையன் மூணு நாளு தனியாப் படுக்க மாட்டேன்னுட்டான். எடுத்துடுங்க. அவ்வளவுதான்."

"பையன் என்ன படிக்கிறாரு?" என்றான் ஒத்தைத்தோள்.

"ஏழாவது."

"ஏழாவதுக்கு இதைக் கொடுத்தது தப்புதாங்க. அதுல நான் உங்க பக்கம்."

நூலகர் தலைகுனிந்தார். மருந்துக்கடைக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை.

"ஆனா நூத்து எண்பதுல இருந்து அந்த ரொட்டிக்கடைப் பொண்ணு வருதே, அதைப் படிச்சீங்களா?"

"அதுல என்ன இருக்கு? சீட்டு வைக்கிற மாதிரி ஒண்ணும் இல்லையே."

"நீங்கம்மா?"

தையல்காரம்மா கைகளைப் பிசைந்தார். "பொய் சொல்ல மாட்டேண்ணே. நாப்பது சீருடை தைக்கக் கெடக்கு. சார் சீட்டு வச்சதை மட்டும் புரட்டினேன்."

"நானும் யோக்கியன் இல்லம்மா. மூணு பக்கம் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடப் பார்த்தேன். என் பொண்ணு கேட்ட கேள்வியில பேனாவை மூடிட்டேன்." புத்தகத்தை முன்னால் இழுத்தான். "நீங்க வச்ச ஆறு சீட்டுல நாலு வெறும் விளக்கணைக்கிற சமாசாரம். மத்த ரெண்டும் கொடுமை, ஒத்துக்கிறேன். அந்தக் குறடைப் பார்த்தா எந்தப் புள்ளையும் ஓடிரும். ஆனா உன் கையெழுத்து அழகுன்னு ஒருத்தன் சொன்னா எந்தப் புள்ள ஓடும்? என்னைப் பயமுறுத்தினது அந்த இடம்தான். என் பொண்ணு அதைக் கடைசி வரைக்கும் படிக்கணும். உங்க பையனும் படிக்கணும். இப்ப இல்ல. ஆனா படிக்கணும். எடுக்க நான் விடமாட்டேன்."

வெளியே மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

"அப்ப எந்த வகுப்புல இருந்து கொடுக்கலாம்னு வச்சுக்கலாம்" என்றார் நூலகர். "ஒன்பதுல இருந்து?"

"பள்ளிக்கூடம் முடிச்சதுக்கப்புறம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

தலைமையாசிரியை ஒத்தைத்தோளைப் பார்த்தார். "முழுசாப் படிச்ச பெற்றோர் நீங்க ஒருத்தர்தான். நீங்க சொல்லுங்க."

ஒன்பது என்று சொன்னால் போதும். மகள் இன்றைக்கே வாங்கிப் படித்துவிடுவாள். அவளுக்குத் தாங்கும் என்றும் அவனுக்குத் தெரியும். ஆனால் ஒன்பதாவதில் பதிமூன்று வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த நிலவறையைக் கேட்டுக் கிடங்கில் வளர்ந்த ஆட்களே சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். தன் மூட்டைக்கு ஒரு தராசு, ஊரான் மூட்டைக்கு ஒரு தராசு வைத்தவர்களை அவன் நேரில் பார்த்திருக்கிறான். அவர்கள் முகத்தில் அவன் விழிப்பதில்லை.

"பத்து" என்றான். "பத்தாவதுல இருந்து. படிச்ச புள்ளைங்க உக்காந்து பேசறதுக்கு இந்த ரூமைத் தொறந்து வைங்க."

நூலகர் கையைத் தூக்கினார். தையல்காரம்மாவும் தூக்கினார். மருந்துக்கடைக்காரர் தூக்கவில்லை. ஆனால் புத்தகத்தை எடுத்து, தான் ஒட்டிய சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தார். "என் பையனுக்கு மூணு வருஷம் இருக்கு" என்றார். "அதுக்குள்ள நான் முழுசாப் படிச்சிடறேன்."

ஒத்தைத்தோள் படிவத்தில் கையெழுத்துப் போட்டான்.

வீட்டு வாசலிலேயே வாயாடி நின்றாள்.

"என்னாச்சு?"

"புத்தகம் இருக்கு. எடுக்கல."

அவள் குதித்த குதியில் செருப்பு பறந்தது.

"பத்தாவதுக்கு மேலதான் கொடுப்பாங்க."

"நான் ஒம்பது."

"தெரியும்."

"யாரு பத்துன்னது? அந்த மருந்துக்கடைக்காரர்தானே?"

"நான்தான்."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கூடவே இருந்து குழி பறிச்சிட்டீங்களேப்பா! இந்த வீட்டுல உளவாளியே நீங்கதான்!"

உள்ளேயிருந்து மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"சரி, போகட்டும்" என்று மகள் வழியை மறித்துக்கொண்டாள். "வாக்கு வாக்குதான். அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

அவன் வாயைத் திறந்தான். ஒரே ஒரு வரிதான். சொல்லிவிடலாம்.

"அடியில மட்டும் ஒரு குத்து குத்தி எடுத்துக் கையில தரச் சொல்றியா?" என்றான். "அப்படிப் பார்க்கக்கூடாதுன்னு எனக்குச் சொன்னதே நீதான்."

அவள் பல்லைக் கடித்தாள். "அப்ப நீங்க கொடுத்த வாக்கு?"

"இருக்கு. நீ பத்தாவது போற அன்னிக்கு நானே கூட வந்து புத்தகத்தை வாங்கித் தர்றேன். நீயே படிச்சுக்க. அப்பவும் கேட்டா உக்காந்து சொல்றேன்."

"அதுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு!"

"ஏழு மாசம்தான்."

அவள் விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். அவன் வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். வாக்குக் கொடுத்தது செவ்வாய்க்கிழமை. சொன்ன நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை முடிந்துகொண்டிருந்தது. ரொட்டிக்கடைப் பெண்ணுக்கு என்ன ஆனது என்பதை அவன் தன் மகளுக்குச் சொல்ல வேண்டிய கடன் பாக்கி.